கழகம் பிறந்த ஆண்டு எது? ஸ்டோக் சிட்டி காற்பந்துக் கழகத்தின் தோற்றம் குறித்த மூலச்சான்று ஆய்வு

முன்னுரை

நிறுவனங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா, அது எப்போது தோன்றியது, யாரால் தோற்றுவிக்கப்பட்டது என்பதாகும். மேலோட்டமாக நோக்குங்கால் இஃது எளிய வினாவாகவே தோன்றும். ஆயின், சான்றுகளைத் தேடிச் செல்லுமிடத்து விடை ஒன்றாக அமையாமல் பலவாகப் பிரிவதைக் காண்கின்றோம். இவ்வுண்மையை விளக்க நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது இங்கிலாந்தின் ஸ்டோக் சிட்டி காற்பந்துக் கழகத்தின் வரலாறாகும். இந்தியவியல் ஆய்விதழில் காற்பந்துக்கு என்ன இடம் என்ற ஐயம் எழலாம். இங்கு நம் நோக்கம் விளையாட்டன்று. மரபுச் செய்தியும் சமகாலச் சான்றும் முரண்படும்போது ஆய்வாளர் எவ்வாறு முடிவு காண வேண்டும் என்பதே. சுவடிகளிலும் வாய்மொழி மரபுகளிலும் பழகிய தமிழாய்வாளர்க்கு இச்சிக்கல் புதியதன்று.

மரபு கூறும் வரலாறு

ஸ்டோக் நகரம் மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அதனால் அக்கழகத்தார் 'குயவர்கள்' என்றே அழைக்கப்படுகின்றனர். 1888இல் பன்னிரண்டு கழகங்கள் கூடி இங்கிலாந்தின் காற்பந்து லீக் அமைப்பைத் தொடங்கியபோது அவற்றுள் ஸ்டோக்கும் ஒன்றாக இருந்தது. ஆகவே, அதன் பழைமை ஐயத்திற்குரியதன்று. எவ்வளவு பழைமை என்பதே வழக்கு.

கழகத்தார் நெடுங்காலமாகப் போற்றிவரும் செய்தி வருமாறு: சார்ட்டர்ஹவுஸ் பள்ளியின் பழைய மாணவர் சிலர் ஸ்டோக் நகருக்கு வந்து, வட ஸ்டாஃபர்ட்ஷயர் இரயில்வே பணிமனையில் தொழில் பயின்றனர். பள்ளியில் தாம் பழகிய காற்பந்தாட்டத்தை விட மனமின்றி, 1863ஆம் ஆண்டில் ஒரு கழகத்தை அமைத்தனர். ஆர்மண்ட், பெல், மேத்யூஸ், ஃபில்பாட் என நால்வரின் குடும்பப் பெயர்களும் இம்மரபில் வழங்கி வருகின்றன. 2001இல் கழகம் ஏற்றுக்கொண்ட சின்னத்திலும் 1863 என்னும் ஆண்டே பொறிக்கப்பட்டது.

இம்மரபில் பள்ளி, பணிமனை, பெயர்கள், ஆண்டு என யாவும் தெளிவாக அமைந்துள்ளன. ஆயினும், 1863ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்ட ஆவணம் எதுவும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்பெறவில்லை. அவ்வாண்டில் அக்கழகம் ஆடியதாக ஓர் ஆட்டத்தின் முடிவோ, உறுப்பினர் பட்டியலோ, செய்தித்தாள் குறிப்போ எடுத்துக்காட்டப்பெறவில்லை.

சமகாலச் சான்று கூறும் வரலாறு

அக்காலத்து விளையாட்டுச் செய்திகளைத் தாங்கி வந்த வார இதழ்களுள் 1853இல் தொடங்கப்பெற்ற 'தி ஃபீல்ட்' குறிப்பிடத்தக்கது. அவ்விதழில் 1868 செப்டம்பரில் ஒரு சிறு குறிப்பு வெளிவந்தது. ஸ்டோக் நகரில் காற்பந்துச் சங்கத்தின் விதிகளின்படி ஆடுவதற்கெனப் புதிய கழகம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது என்பதும், சார்ட்டர்ஹவுஸ் பள்ளியைச் சார்ந்த எச். ஜே. ஆல்மண்ட் என்பவர் அதன் பொறுப்பில் உள்ளார் என்பதும் அக்குறிப்பின் சாரம்.

அடுத்த திங்களாகிய அக்டோபரில் அக்கழகத்தின் முதல் ஆட்டம் நடைபெற்றது. அணிக்குப் பதினைவர் ஆடிய காலம் அது. விக்டோரியா கிரிக்கெட் கழகத்தின் திடலில், ஈ. டபிள்யூ. மே என்பவர் திரட்டிய அணியோடு 'ஸ்டோக் ராம்ப்ளர்ஸ்' என்ற பெயரில் அவர்கள் மோதினர். அணித்தலைவராக இருந்தவரும் கழகத்தின் முதல் கோலைப் போட்டவரும் ஹென்றி ஜான் ஆல்மண்டே ஆவார்.

சான்றுகளை எடைபோடுதல்

இவ்விரு செய்திகளுக்கும் இடையே ஐந்தாண்டு இடைவெளி உள்ளது. எதனை ஏற்பது? நாம் மூன்று அளவுகோல்களைக் கொண்டு நோக்கலாம்.

முதலாவது, சான்றின் காலம். 'தி ஃபீல்ட்' குறிப்பு நிகழ்ச்சி நடந்தபோதே எழுதப்பட்டது. எதிர்காலத்தில் இக்கழகம் புகழ்பெறும் என்றோ, அதன் பழைமை பற்றி வழக்கு எழும் என்றோ எழுதியவர் அறிந்திருக்க வழியில்லை. ஆகவே, ஆண்டை முன்னோ பின்னோ தள்ளி எழுத அவர்க்குக் காரணம் ஏதும் இல்லை.

இரண்டாவது, சான்றின் சொல். அக்குறிப்பு கழகத்தைப் புதியது என்று சுட்டுகின்றது. ஐந்தாண்டுகளாக நிலவிவந்த ஒரு கழகத்தை அவ்வாறு சுட்டுவது இயல்பன்று.

மூன்றாவது, நிகழத்தக்க தன்மை. ஆல்மண்ட் பிறந்தது 1850இல். 1863இல் அவர்க்கு அகவை பதின்மூன்று. பதின்மூன்று அகவைச் சிறுவரைப் பழைய மாணவர் என்றோ இரயில்வே பணிமனையில் தொழில் பயின்றவர் என்றோ கூறுதல் பொருந்தாது. 1868இல் அவர் பதினெட்டு அகவை இளைஞர். மரபு கூறும் செய்தி அவ்வாண்டுக்கே முற்றும் பொருந்தி வருகின்றது.

மேலும், 1863 அக்டோபர் 26ஆம் நாளன்றுதான் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் இலண்டனில் அமைக்கப்பட்டது. அதன் விதிகள் ஏற்கப்பட்டது அவ்வாண்டு டிசம்பரில். அதற்கு முன்பும் கழகங்கள் இருந்தன என்பது உண்மையே. எனினும், சங்கத்தின் விதிகளைப் பின்பற்றவென்றே அமைந்த ஒரு கழகத்தை அவ்வாண்டிலேயே வைத்தற்கு வலுவான ஆதாரம் வேண்டும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆவணம் கிடைக்கவில்லை என்பதாலேயே ஒரு நிகழ்ச்சி நடைபெறவில்லை என்று முடிவு கட்டுதல் கூடாது. 1863இல் இளைஞர் சிலர் ஸ்டோக்கின் ஏதோ ஒரு திடலில் பந்து உதைத்திருக்கலாம். ஆயின், பந்து உதைத்தல் வேறு. பெயரும் தலைவரும் விதிகளும் கொண்ட கழகமாக அமைதல் வேறு. பின்னதற்குக் கிடைக்கும் முதல் சான்று 1868ஆம் ஆண்டினதே.

ஆர்மண்டும் ஆல்மண்டும்

மரபுச் செய்தியை முற்றிலும் கட்டுக்கதை என்று தள்ளிவிடலாமா? கூடாது என்பதே நம் கருத்து. மரபு தரும் நால்வருள் முதற்பெயர் ஆர்மண்ட். சமகாலச் சான்று தரும் பெயர் ஆல்மண்ட். ஆங்கில எழுத்தில் இவ்விரு பெயர்களும் ஆறெழுத்துக் கொண்டவை. இரண்டு எழுத்துகளில் மட்டுமே வேறுபடுபவை. கையெழுத்திலிருந்து பெயர்த்தெழுதும்போதோ, ஒருவர் கூற மற்றொருவர் எழுதும்போதோ ஒன்று மற்றொன்றாக மாறுதல் எளிது. ஆர்மண்ட் என்பது ஆல்மண்டின் திரிந்த வடிவம் எனக் கருத மிகுதியும் இடமுண்டு.

தமிழாய்வாளர்க்கு இது நன்கு பழகிய களம். ஏடு பெயர்த்தெழுதுவோரின் கைப்பிழையால் பாடங்கள் வேறுபடுவதையும், பிழைபட்ட பாடத்தைக் கொண்டே மூலபாடத்தை உய்த்துணர்வதையும் நம் பதிப்பாசிரியர்கள் ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கியதும் இந்நோக்கிலேயே ஆகும். பிழையான பாடம் குப்பையன்று. அது சரியான பாடத்தின் சுவடு. அவ்வாறே ஸ்டோக் மரபும் பிழைபட்ட ஓர் ஏடு எனலாம். பள்ளியின் பெயரை அது சரியாகக் காத்தது. நிறுவியவரின் பெயரைச் சற்றே திரித்தேனும் காத்தது. தவறவிட்டது ஆண்டை மட்டுமே.

இதிலிருந்து ஒரு பொதுவுண்மையும் பெறப்படுகின்றது. மக்களின் நினைவு ஆட்களையும் இடங்களையும் ஓரளவு நன்றாகவே காக்கின்றது. ஆண்டுகளைக் காப்பதில் அது வலுவற்றது. அதிலும், புகழ்பெற்ற ஓர் ஆண்டு அருகிலிருந்தால் நினைவு அதன்பால் ஈர்க்கப்படுவதுண்டு. காற்பந்துச் சங்கம் பிறந்த 1863ஆம் ஆண்டோடு ஸ்டோக்கின் பிறப்பும் இணைக்கப்பட்டமைக்கு இவ்வீர்ப்பும் ஒரு காரணமாகலாம் என்பது நம் ஊகம்.

'தோற்றம்' என்ற சொல்லின் பொருள்

ஆண்டு பற்றிய வழக்குகள் யாவும் சான்றின்மையால் மட்டும் எழுவன அல்ல. தோற்றம் என்று எதனைக் கொள்வது என்ற கருத்து வேறுபாட்டாலும் எழுகின்றன.

நாட்ஸ் கவுண்டி கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1862 நவம்பரில் நாட்டிங்காமில் சிலர் முறைசாராது ஆடத் தொடங்கினர். 1864 டிசம்பரில் ஒரு விடுதியில் கூடி முறைப்படி கழகம் அமைத்தனர். இரு நிகழ்ச்சிகளும் உண்மை. கழகத்தார் முந்தியதையே பிறந்த ஆண்டாகக் கொண்டாடுகின்றனர்.

கிரிஸ்டல் பேலஸ் கழகத்தின் நிலை இன்னும் சிக்கலானது. 1861இல் அப்பெயரில் ஒரு கழகம் இருந்தது. 1863இல் காற்பந்துச் சங்கத்தை நிறுவியவற்றுள் அதுவும் ஒன்று. ஆயின், 1870களின் நடுப்பகுதிக்குப் பின் அதன் ஆட்டக் குறிப்புகள் நின்றுபோகின்றன. இன்றுள்ள தொழில்முறைக் கழகம் அமைந்தது 1905இல். இரண்டும் கிரிஸ்டல் பேலஸ் நிறுமத்தோடு தொடர்புடையன என்ற வாதத்தின்பேரில், 2020இல் அக்கழகம் 1861ஐத் தன் பிறந்த ஆண்டாக உரிமை கோரியது. ஏறத்தாழ முப்பதாண்டு இடைவெளியைக் கடந்து ஒரு நிறுவனம் ஒன்றாகவே நீடிக்க இயலுமா என்பதே இங்கு வழக்கின் கரு.

ஸ்டோக்கிற்கும் இவ்வினா உண்டு. 1878இல் அது விக்டோரியா கிரிக்கெட் கழகத்தோடு இணைந்தது. 1908இல் பொருள் நெருக்கடியால் கலைக்கப்பட்டுப் புதிய நிறுமமாக மீண்டும் அமைந்தது. 1925இல் அந்நகர் மாநகர்த் தகுதி பெற்றபோதுதான் இன்றைய பெயரைப் பெற்றது. தொடர்ச்சியை ஏற்றுக்கொண்டால் 1868. சட்டவழி நிறுமத்தை மட்டும் நோக்கினால் 1908. 1863இன் நிலை இவற்றினும் வேறானது. நாட்ஸ் கவுண்டியின் வழக்கு பொருள் வரையறையைப் பற்றியது. கிரிஸ்டல் பேலஸின் வழக்கு தொடர்ச்சியைப் பற்றியது. ஸ்டோக்கின் 1863 வழக்கோ சான்றைப் பற்றியது. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியாமல் வாதிடுவோர் ஒருவரோடொருவர் பேசியும் ஒரு முடிவுக்கு வர இயலாது.

ஆவணத்தைக் காத்தோர் அடையும் பயனை ஷெஃபீல்ட் கழகம் உணர்த்துகின்றது. 1857இல் நத்தேனியல் கிரெஸ்விக், வில்லியம் பிரெஸ்ட் ஆகிய இருவர் நிறுவிய அக்கழகம் தன் தொடக்ககால ஆவணங்களைப் பேணி வந்தது. கையெழுத்து விதிநூலை உள்ளடக்கிய அத்தொகுதி 2011இல் இலண்டன் ஏலத்தில் 8,81,250 பவுண்டுக்கு விலைபோனது. உலகின் மிகப் பழைய காற்பந்துக் கழகம் என்ற பெயர் அதற்கு நிலைத்ததில் இவ்வாவணங்களின் பங்கு பெரிது.

நிறுவியவர் யார்?

ஆல்மண்ட் தொடக்க ஆட்டங்களுக்குப் பின் நெடுநாள் ஸ்டோக்கில் தங்கவில்லை. பொறியியற் பணிக்கெனப் பிரிந்து சென்றார். கழகத்தை வளர்த்தோர் வேறு பலர். அவர்களுள் 1870களில் அணித்தலைவராகவும் செயலாளராகவும் விளங்கிய டாம் ஸ்லேனி ஒரு பள்ளியாசிரியர். விதை ஊன்றியவர் ஒருவர், நீர் வார்த்தவர் பலர் எனின், வரலாறு இருசாராரையும் பதிவு செய்தல் வேண்டும். ஆண்டைப் பற்றிய வழக்கில் மூழ்கியோர் ஆட்களை மறந்துவிடுகின்றனர். 1863ஐப் பிடித்துக்கொண்டதன் பெரிய இழப்பு ஐந்தாண்டுப் பிழையன்று. பதினெட்டு அகவையில் ஒரு கழகத்தை அமைத்து அதன் முதல் கோலையும் போட்ட இளைஞரின் பெயர், பிழைபட்ட வடிவில் நெடுங்காலம் மறைந்து கிடந்ததே ஆகும்.

நம் சூழலுக்கு

இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளும் சங்கங்களும் ஆலயங்களும் நூற்றாண்டு மலர்களை வெளியிட்டு வருகின்றன. அவற்றைத் தொகுக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியர்களிடமே வந்து சேருகின்றது. தோட்டத்துக் கொட்டகையில் முதல் வகுப்பு நடந்த ஆண்டு, அரசு ஏட்டில் பதிவான ஆண்டு, கட்டடம் எழுந்த ஆண்டு, வேறிடம் பெயர்ந்த ஆண்டு ஆகிய நான்கும் வெவ்வேறாக இருத்தல் கூடும். இவற்றுள் ஒன்றை மட்டும் தோற்ற ஆண்டு என அறிவித்துப் பிறவற்றை விட்டுவிடாமல், நான்கையும் தனித்தனியே சான்றோடு பதிதல் நன்று. முந்திய மலரிலுள்ள செய்தியை அப்படியே எடுத்தாளும்போது, அச்செய்தி எதனை ஆதாரமாகக் கொண்டது என வினவுதலும் வேண்டும். பத்து மலர்கள் ஒரே ஆண்டைக் கூறினும், ஒன்பதும் முதலாவதைப் பார்த்து எழுதப்பட்டிருப்பின் சான்று ஒன்றே.

முதியோர் கூற்றைக் கேட்டு எழுதுங்கால் ஆட்பெயரையும் இடப்பெயரையும் கூர்ந்து கவனித்தல் வேண்டும். பெயர் சற்றே மாறி வழங்கினும் அதனைத் திருத்திவிடாமல், கேட்டவாறே குறித்துக்கொள்ளுதல் முறை. அப்பிழையே பின்வரும் ஆய்வாளர்க்கு வழிகாட்டக்கூடும்.

முடிவுரை

கிடைக்கும் சான்றுகளை நோக்குமிடத்து, ஸ்டோக் கழகம் 1868இல் ஆல்மண்டால் நிறுவப்பட்டது எனக் கொள்வதே பொருத்தமுடையதாகும். 1863ஆம் ஆண்டைச் சார்ந்த ஓர் ஏடோ கடிதமோ என்றேனும் கிடைக்குமாயின், இம்முடிவை மாற்றிக்கொள்ள நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். நிறுவனத்தின் அகவையில் ஐந்தாண்டு குறைவதால் அதன் பெருமை குறைந்துவிடாது. உரியவரின் பெயர் உரிய இடத்தில் அமையும்போது அப்பெருமை உறுதி பெறுகின்றது.