விறாந்தைக்கு வலை அடிப்போம்

பிறிஸ்பேனிலோ அதற்கு வடக்கேயோ வந்து குடியேறும் எங்கள் குடும்பங்களில் முதலாவது கோடை முடிந்ததும் ஒரே பேச்சுத்தான். "வீடு நல்ல வீடு. ஆனால் உள்ளேயும் இருக்க ஏலாது, வெளியேயும் இருக்க ஏலாது." உள்ளே இருப்பதென்றால் குளிரூட்டியைப் போட வேண்டும், பிறகு வரும் மின்சாரக் கட்டணம் வயிற்றைக் கலக்கும். வெளியே வந்தால் பகலில் இலையான், பொழுதுபட்டால் நுளம்பு. இதில் கூடுதலாக அவதிப்படுகிறவர்கள் வயதானவர்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, பூட்டிய கதவுக்குள் தொலைக்காட்சிக்கு முன்னால் நாள் முழுவதும் இருக்கிற அம்மம்மாக்களை நாம் எல்லோரும் அறிவோம். ஊரில் அவர்கள் விறாந்தையில் இருந்துகொண்டே, படலை திறக்கும் சத்தத்தில் வருகிறவர் யாரென்று சொன்னவர்கள்.

இந்தச் சங்கடம் குயின்ஸ்லாந்துக்காரருக்கும் புதிதல்ல. அவர்களுடைய பழைய வீடுகளைப் பாருங்கள். நிலத்திலிருந்து தூண்களில் உயர்த்திய மரவீடு, மேலே தகரக்கூரை, முன்னாலும் பக்கங்களிலும் அகலமான விறாந்தை. காற்று வீட்டுக்குக் கீழாலும் போகும், குறுக்காலும் போகும். பிற்காலத்தில் பல வீடுகளில் அந்த விறாந்தையையே அடைத்து அறையாக்கிக் கொண்டார்கள். அதன் பிறகு வந்த செங்கல் வீடுகளில் பின்பக்கத்தில் ஒரு சீமெந்துத் தளம்தான் பெரும்பாலும் மிஞ்சியது. எங்களவர் வாங்கக்கூடிய விலைக்கு அகப்படுகிறவை அநேகமாக இவைதான். அந்தத் தளத்துக்கு ஒரு கூரையும் மூன்று பக்கமும் வலையும் போட்டால் ஒரு விறாந்தை கிடைத்துவிடும். கட்ட நினைக்கிறவர்கள் காசு கொடுக்கும் முன் அறிய வேண்டிய சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

வலை எதற்கு, நுளம்புத்திரி கொளுத்தினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். இங்குள்ள நுளம்புகள் கடித்துச் சொறிவதோடு விடுகிறவை அல்ல. டவுன்ஸ்வில் நகரின் ஆற்றுப் பெயரைப் பெற்ற ரொஸ் ரிவர் காய்ச்சல் இங்கே சாதாரணமாக வருகிற நோய். உயிரை எடுக்காது, ஆனால் மூட்டுநோ கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். அதற்குத் தடுப்பூசி இல்லை. நின்று வேலை செய்கிறவருக்கு அந்த நோய் வந்தால் வீட்டு வருமானமே தடைப்பட்டுவிடும். 2022இல் யப்பானிய மூளைக்காய்ச்சல் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தென் அவுஸ்திரேலியா ஆகிய மாநிலங்களில் பரவியதைப் பலர் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். வடக்கே கெயின்ஸ், டவுன்ஸ்வில் பக்கம் டெங்கு பரப்பும் நுளம்பும் இருக்கிறது. அது பகலில் கடிக்கிற நுளம்பு என்பதை இலங்கையிலிருந்து வந்த எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

முதலில் விறாந்தை எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இதில் ஊர்ப் பழக்கம் கைகொடுக்காது. ஊரில் உச்சிச் சூரியன் ஆண்டில் சில மாதம் வடக்கேயும் மற்ற மாதங்களில் தெற்கேயும் நிற்கும். பிறிஸ்பேனில் நண்பகலில் அது எப்போதும் வடக்குப் பக்கம்தான். டிசம்பர் கடைசியில் ஏறக்குறைய 86 பாகை உயரத்தில், தலைக்கு நேர் மேலே வந்துவிடும். யூன் மாதத்தில் 39 பாகைக்கு மேல் ஏறாது. ஆகவே வடக்குப் பக்கத்து விறாந்தையில் கோடை வெயிலைக் கூரை மறைக்கும், குளிர்கால வெயில் சாய்ந்து உள்ளே வரும். கிழக்குப் பக்கமும் நல்லது. பின்னேரம் நிழல் விழும், கோடையில் வடகிழக்கிலிருந்து வரும் கடற்காற்றும் கிடைக்கும். மேற்குத்தான் கூடாது. பின்னேரச் சூரியன் கூரைக்குக் கீழால் நேரே உள்ளே பாயும்; அதை எந்தக் கூரையாலும் தடுக்க முடியாது. வேறு வழியில்லை, மேற்கில்தான் இடம் உண்டு என்றால் அந்தப் பக்கத்துக்கு இறக்கி ஏற்றும் திரையோ படரும் கொடியோ வேண்டும். வாஸ்து பார்க்கிறவர்கள் அதையும் பார்க்கட்டும். கூடவே பின்னேரம் நாலு மணிக்கு அந்த இடத்தில் ஒரு கதிரையைப் போட்டு அரை மணித்தியாலம் இருந்தும் பார்க்கட்டும்.

அவுஸ்திரேலியர் பின்வளவிலேதான் கட்டுவார்கள். ஆனால் வயதானவர்களுக்காகக் கட்டுகிறவர்கள் தெரு தெரிகிற மாதிரி முன்னுக்கோ பக்கத்திலோ ஒரு மூலையாவது கிடைக்குமா என்று பார்ப்பது நல்லதென்பது எம் கருத்து. தபால்காரருக்குக் கை காட்டவும், நாயைக் கூட்டிக்கொண்டு போகிற அயலவர் "ஹலோ" சொல்லவும் அங்கேதான் வழி பிறக்கும். மொழி தெரியாதவருக்கு அந்த ஒரு சொல்லே பெரிய விஷயம். தெரு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை நகரசபையிடம் கேட்டறியுங்கள்.

கூரைக்கு வெறும் தகரத்தைப் போட்டால் அது அடுப்புச் சட்டி மாதிரிச் சுட்டு, அந்தச் சூட்டைக் கீழே இருப்பவரின் தலையில் இறக்கும். இரண்டு தகட்டுக்கு நடுவே பொலிஸ்ரைரின் வைத்த பலகைகள் கிடைக்கின்றன. விலை கூடத்தான், ஆனால் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம். கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் கூரையை வெளிச்சத்துக்காக விற்பார்கள். வெயில் காயும் பக்கத்தில் அது உதவாது. ஏலுமென்றால் விறாந்தைக் கூரையை வீட்டுக் கூரைக்குச் சற்று மேலே தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். சூடான காற்று மேலேறி வெளியே போகும், பின்னால் இருக்கிற அறையும் இருண்டு போகாது. இடைவெளிக்கும் வலை அடிக்க மறக்கக் கூடாது.

அந்தக் கூரை எதில் பூட்டப்படுகிறது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். காற்று கூரையைக் கீழே அமுக்குவதைவிட மேலே பிடுங்கப் பார்க்கும். 1974 நத்தார் அன்று ரேசி சூறாவளி டார்வின் நகரின் கட்டடங்களில் 70 வீதத்துக்கு மேல் அழித்த பிறகுதான் கூரையைச் சுவரோடும் சுவரை அத்திவாரத்தோடும் இறுக்கிக் கட்டும் விதிகள் இந்த நாட்டில் கடுமையாயின. பிறிஸ்பேனிலும் கோடைப் புயல் பொல்லாதது. பீலி பிடித்திருக்கும் மெல்லிய பலகையில் நாலு ஆணியை முறுக்கிவிட்டுப் போகிறவரை நம்ப வேண்டாம்.

இனி வலை. சாதாரணமாக விற்கும் பைபர்கிளாஸ் வலையில் ஒரு அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18, மறுபக்கம் 16 இழைகள் இருக்கும். நுளம்புக்கும் இலையானுக்கும் அது போதும். கண்டல் காடும் கால்வாயும் உள்ள கரையோரங்களில் இருப்பவர்களுக்குப் போதாது. அங்கே மிகச் சின்னக் கடிபூச்சி ஒன்று உண்டு. இங்குள்ளவர்கள் சான்ட்பிளை என்பார்கள். அது அந்தக் கண்களுக்குள்ளால் நுழைந்துவிடும். அதற்கென்று நெருக்கமான வலை தனியாக விற்கிறது. ஆனால் வலை நெருங்க நெருங்கக் காற்றும் குறையும். ஆகையால் தேவையில்லாத இடத்தில் நெருக்கமான வலை போட வேண்டாம். எந்த வலை போட்டாலும் மேலே ஒரு மின்விசிறி வையுங்கள். நுளம்பு பலவீனமாகப் பறப்பது. விசிறிக் காற்றில் அதனால் நிற்க முடியாது. கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் துருப்பிடிக்காத உருக்கு வலை என்றால் 316 என்ற தரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

வலை அலுமினியச் சட்டத்தின் காடியில் ஒரு றப்பர் நூலால் இறுக்கப்படும். சின்ன உருளை ஒன்றால் அழுத்துகிற வேலைதான். கை பழகினால் கிழிந்த வலையை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். சட்டங்களைக் கழற்றிக் கழுவக்கூடிய மாதிரிச் செய்விப்பது புத்தி, ஏனென்றால் தூசி அடைத்தால் காற்று வராது.

பணத்தைச் செலவழித்து வலை அடித்த பிறகும் "நுளம்பு வருகுதே" என்று சொல்பவர்கள் தங்கள் நிலத்தைப் பார்க்க வேண்டும். பலகை போட்ட தளத்தில் மழைநீர் வடிய இடைவெளி விட்டிருப்பார்கள். வீடு உயரத்தில் இருந்தால் நுளம்பு கீழாலே வரும். பலகை அடிக்கும் முன்பே, தாங்கும் மரங்களின் மேல் வலையை விரித்துவிட வேண்டும். பிறகு செய்வது பெரும்பாடு. நெளிதகரத்தின் நுனியிலும் வளைவு வளைவாகத் துளை இருக்கும். அதை அடைக்க அதே வளைவில் வெட்டிய பஞ்சுப்பட்டி விற்கிறது. கதவு வெளியே திறந்து தானாகவே மூட வேண்டும், அடியில் தூரிகைப்பட்டி இருக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் தானாக மூடாத கதவு எப்போதும் திறந்த கதவுதான்! கறிவேப்பிலைச் சட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால், வலைக்கு உள்ளேயே நுளம்பை வளர்க்கிறோம் என்று அர்த்தம்.

காசு விஷயத்துக்கு வருவோம். "எங்கட பெடியன் ஒருத்தன் இருக்கிறான், காசாகக் குடுத்தால் குறைச்சுச் செய்வான்" என்ற பேச்சு எங்கள் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறது. குயின்ஸ்லாந்தில் கூலியும் பொருளும் சேர்த்து 3,300 டொலருக்கு மேற்பட்ட கட்டட வேலைக்கு, கியூ.பி.சி.சி. எனப்படும் கட்டட ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் உள்ளவரே வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமும் வேண்டும். அவருடைய பத்திரம் செல்லுபடியாகுமா என்பதை ஆணைக்குழுவின் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். முற்பணமாக, ஒப்பந்தம் 20,000 டொலருக்குக் குறைவென்றால் 10 வீதமும் அதற்கு மேலென்றால் 5 வீதமும்தான் பொதுவாகக் கேட்கலாம். பாதிக் காசை முதலே கேட்கிறவர் எங்கள் ஊரவராக இருந்தாலும் சரி, ஒரே கோயிலுக்கு வருகிறவராக இருந்தாலும் சரி, கொடுக்க வேண்டாம். வேலை பாதியில் நின்றால் உறவும் போகும், காசும் போகும். கூரை போட்ட விறாந்தைக்குப் பெரும்பாலும் கட்டட அங்கீகாரமும் தேவை. அதை யார் எடுப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தடையென்றால் 131 450 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

மின்விசிறிக்கும் விளக்குக்கும் வயர் இழுப்பதை அனுமதி பெற்ற மின்தொழிலாளரிடமே விட வேண்டும். ஊரில் நாம் எல்லோரும் அரைவாசி மின்தொழிலாளர்தான். இங்கே அது சட்டவிரோதம். இன்னொன்று அஸ்பெஸ்டஸ். ஊரில் அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீடு வசதியான வீடு என்ற எண்ணம். இங்கே 2003 டிசம்பர் 31 முதல் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. 1990க்கு முன் கட்டிய வீடுகளில் தாழ்வாரத்தின் அடியிலும் பழைய விறாந்தைக் கூரையிலும் அது இருக்கலாம். துளையிட்டாலோ அரிந்தாலோ எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. வேலை தொடங்கும் முன் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

பொரியல் வாசம் வீட்டுக்குள் வராமல் இருக்கப் பலர் விறாந்தையில் காஸ் அடுப்பு வைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மழைக்கென்று பிளாஸ்ரிக் திரைகளை இறக்கிவிட்டு அடுப்பையோ கரியையோ எரிக்கக் கூடாது. மணமும் நிறமும் இல்லாத காபன் மொனொக்சைட்டு சேர்ந்து ஆளை மயக்கிக் கொன்றுவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் எதையும் பூட்டும் முன் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். அது கிடைக்காவிட்டால், கடைகளில் விற்கும் கூடாரம் போன்ற வலைவீட்டை இருக்கிற கூரைக்குக் கீழே நிறுத்தலாம். அழகு குறைவு, ஆனால் இரண்டு கதிரையும் ஒரு பாக்குவெட்டியும் அதற்குள் தாராளமாக அடங்கும்.

வேலை முடிந்ததும் மிஞ்சுகிற மரத்துண்டுகளைப் பற்றி ஒரு சொல். வெளிவேலைக்கு விற்கும் பச்சை நிறச் சாயலுள்ள பைன் மரத்தில் கறையான் பிடிக்காமல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஏற்றப்பட்டிருக்கலாம். ஆர்செனிக் என்பது பாஷாணம். அதை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் நஞ்சு இருக்கும். தைப்பொங்கலுக்கு விறகு கிடைத்ததென்று அதை எடுத்து வைக்காமல், கழிவாக எங்கே போடலாம் என்று நகரசபையிடம் கேட்டு அகற்றிவிடுங்கள்.