ஒன்றுபோல் இரண்டு கல்லூரிகள்: எதைத் தேர்வது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவன்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் திருப்புட்குழி. அதுவே என் ஊர். இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்று தலவரலாறு கூறும். 11ஆம் நூற்றாண்டில் யாதவப்பிரகாசர் என்னும் ஆசிரியர் இங்கே பாடம் சொன்னார் என்றும், இளம் இராமானுசர் அவரிடம் பயின்று, பின்னர் கருத்து வேறுபட்டு விலகினார் என்றும் வைணவ மரபு கூறுகிறது. அன்று ஆசிரியரைத் தேடி மாணவர் எங்கள் ஊருக்கு வந்தனர். இன்று நாங்கள் பேருந்தேறிப் போகிறோம். எந்தப் பேருந்தில் ஏறுவது என்பதுதான் கேள்வி.

பிளஸ் டூ முடித்த ஆண்டில் இக்கேள்வி என் முன் வந்து நின்றது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இப்போது இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களில் பெற்ற மதிப்பெண்ணை 400க்குக் கணக்கிட்டுத் தரவரிசை வெளியிடுவார்கள். எனக்கு இரண்டு இடங்களிலிருந்து கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது. ஒன்று, செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி. மற்றொன்று, வேலூர் ஓட்டேரியில் உள்ள முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி. இரண்டிலும் வேதியியல்தான்.

"ரெண்டும் கவர்மெண்டு காலேஜுதானேடா, இதுல பாக்க என்ன இருக்கு?" என்றார் அப்பா. காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவின் பெயர் இருப்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் எனக்கு முன் எவரும் இல்லை. யாரைக் கேட்பது?

அப்பா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இரண்டும் 1960களில் தோன்றியவை. இரண்டிலும் இட ஒதுக்கீட்டு விதி ஒன்றே. அரசுப் பள்ளியில் படித்த மாணவருக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் எங்குச் சேர்ந்தாலும் கிடைக்கும்; மாணவியருக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டம் இருக்கிறது. பட்டம் வழங்குவதும் 2002இல் தோன்றிய அதே திருவள்ளுவர் பல்கலைக்கழகம்தான்.

அப்படியானால் வேறுபாடு எங்கே?

முதலாவது, தன்னாட்சி. கோத்தாரிக் கல்விக் குழு 1966இல் அளித்த அறிக்கையில், தகுதியுள்ள கல்லூரிகளுக்குத் தன்னாட்சி தரலாம் என்று பரிந்துரைத்தது. சென்னை இலயோலா போன்ற கல்லூரிகள் 1978இல் அதனைப் பெற்றன. வேலூர்க் கல்லூரியும் தன்னாட்சி பெற்றதே. அங்கே பாடத்திட்டத்தை வகுப்பதும், வினாத்தாள் அமைப்பதும், தேர்வு நடத்துவதும் கல்லூரியே. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரால் வரும். இணைவுபெற்ற கல்லூரியிலோ பாடத்திட்டமும் வினாத்தாளும் பல்கலைக்கழகத்திலிருந்து வருகின்றன. நமக்குப் பாடம் நடத்தியவர் வேறு, கேள்வி கேட்பவர் வேறு. முன்னதில் முடிவுகள் விரைந்து வரவும், பாடத்தைப் புதுப்பிக்கவும் வாய்ப்பு அதிகம். பின்னதில், யார் எப்படிக் கேட்டாலும் விடையளிக்கும் பழக்கம் உண்டாகும். இவற்றில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, துறை. நாக் குழு தரும் தரக்குறியீடு கல்லூரி முழுமைக்கும் உரியது; நாம் படிக்கப்போகும் துறையைப் பற்றி அது தனியே பேசுவதில்லை. எனவே துறையைப் பற்றித்தான் கேட்க வேண்டும். நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர்? முதுகலை வகுப்பு உண்டா? ஆய்வகத்தில் ஒரு மேசைக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள்? வகுப்பு முதல் சுழற்சியா, இரண்டாம் சுழற்சியா? இவற்றை விளம்பரத் தாளில் காண இயலாது. கலந்தாய்வுக்குச் செல்லும் நாளில் வாயிலருகே நிற்கும் மூன்றாம் ஆண்டு அண்ணன்களைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். நான் இரண்டு இடங்களிலும் கேட்டேன். இரண்டு இடத்து விடைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன!

மூன்றாவது, நேரம். என் வழக்கில் தீர்ப்புச் சொன்னது இதுதான். எங்கள் ஊரிலிருந்து காஞ்சி சென்று, அங்கிருந்து பாலாற்றைக் கடந்து செய்யாறு சேர ஒன்றே முக்கால் மணி நேரம். வேலூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அங்கே இறங்கி ஓட்டேரிக்கு நகரப் பேருந்து பிடித்தால் இரண்டரை மணி. போகவர நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் வேறுபடுகிறது. ஆண்டுக்கு 180 வேலை நாட்கள் என்றால் 270 மணி. மூன்றாண்டுக்கு 810 மணி. எட்டு மணி நேர உழைப்பை ஒரு நாளாகக் கொண்டால் நூறு நாட்களுக்கு மேல்!

எங்கள் வீட்டுத் தறியில் ஒரு கோர்வைப் புடவை முடியப் பதினைந்து நாட்களாகும். கோர்வையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள, நெய்பவருக்குத் துணையாக இன்னோர் ஆள் அமர வேண்டும். மாலை நேரங்களில் அந்த ஆள் நான்தான். நூறு நாட்கள் என்றால் ஆறு புடவைக்கான காலம். கூலி நெசவில் அது எவ்வளவு என்பது எங்கள் அடுப்புக்குத் தெரியும். செய்யாறைத் தேர்ந்தேன்.

வேலூரில் அரசு விடுதியில் தங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். தங்கியிருக்கலாம், அரசு விடுதியில் உணவும் உறையுளும் இலவசம். பயண நேரம் முழுவதும் படிப்புக்கே கிடைத்திருக்கும். ஆனால் தறிக்கு நான் கிடைத்திருக்க மாட்டேன். ஆகவே நான் தேர்ந்தது சிறந்த கல்லூரியை என்று கூறமாட்டேன். என் வீட்டுக்குப் பொருந்திய கல்லூரியைத் தேர்ந்தேன்.

இந்த ஆண்டு என் தம்பி பிளஸ் டூ எழுதுகிறான். அவன் முன்னும் இதே இரண்டு பெயர்கள் வரக்கூடும். "உன் காலேஜுக்கே வரச் சொல்லு" என்று அம்மா என்னிடம் சொன்னார். நான் பழைய கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அவன் ஆஸ்டல்ல தங்கிப் படிக்கட்டும். நான் கோர்வை இல்லாத புடவையா போட்டுக்கறேன். ஒத்தை ஆளே நெய்யலாம். கூலி கொஞ்சம் கொறயும், கொறயட்டும்" என்றார். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்ட அதே அப்பாதான்!

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. இரண்டு கல்லூரிகள் ஒன்றுபோல் இருக்கும்போது, எது சிறந்தது என்ற கேள்விக்கு அவற்றின் கட்டடங்களில் விடை கிடைக்காது. ஒவ்வொன்றுக்காகவும் வீட்டில் யார் எதனை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு விடையும் தம்பிக்கு வேறு விடையும் வரலாம்.

கலந்தாய்வுக்குப் புறப்படும் தம்பி தங்கையரே! மாற்றுச் சான்றிதழ் ஒன்றே ஒன்றுதான். கொடுத்தபின் திரும்பப் பெறுவது எளிதன்று. கொடுக்குமுன் துறையைப் பற்றிக் கேளுங்கள், நேரத்தைக் கணக்கிடுங்கள். அந்தக் கணக்கை வீட்டாரிடம் மறைக்காமல் காட்டுங்கள். படிக்காத பெற்றோர் என்று நாம் நினைப்பவர்கள் அதனை நம்மைவிடச் சரியாகப் படித்துவிடுவார்கள்.