மூன்று புள்ளியை நான்கில் அடைக்கும்போது

புதிய திரை, 2560×1440. விளையாட்டைத் திறந்தால் படம் விட்டு விட்டு ஓடுகிறது. அமைப்புக்குள் போய்த் தெளிவுத்திறனை 1920×1080 எனக் குறைக்கிறீர்கள். ஓட்டம் சீராகிறது, ஆனால் எழுத்துகள் மங்கிவிடுகின்றன. திரையில் கோளாறு என்று அப்பாவைக் கடைக்கு இழுத்துச் செல்லாதீர்கள், மாணவர்களே.

ஓட்டம் சீரானதற்குக் காரணம் எளிது. முன்பு கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொரு படத்துக்கும் 3,686,400 புள்ளிகளைக் கணக்கிட்டது. இப்போது 2,073,600 போதும்.

மங்கலுக்குக் காரணம்? எல்சிடி திரையில் பிக்சல்கள் தரையில் பதித்த ஓடுகளைப் போன்றவை. அவற்றின் எண்ணிக்கை மாறாது. 1,920 புள்ளி அகலமுள்ள படம் 2,560 பிக்சல்களை நிரப்ப வேண்டும்; அதாவது மூன்று புள்ளிகள் நான்கு பிக்சல்களில் பரவ வேண்டும்.

தாளில் செய்து பாருங்கள். 12 செ.மீ. நீளப் பட்டை ஒன்றை வரைந்து, தலா 4 செ.மீ. கொண்ட மூன்று கட்டங்களாகப் பிரியுங்கள். முதலாவதும் மூன்றாவதும் கறுப்பு, நடுவில் வெள்ளை. அதன் கீழே ஒட்டினாற்போல் அதே நீளத்தில் இன்னொரு பட்டை; இதில் தலா 3 செ.மீ. கொண்ட நான்கு கட்டங்கள். கீழே உள்ள இரண்டாம் கட்டத்திற்கு நேர் மேலே என்ன இருக்கிறது? 1 செ.மீ. கறுப்பு, 2 செ.மீ. வெள்ளை. மூன்றாம் கட்டமும் அப்படித்தான். ஆனால் ஒரு பிக்சல் ஒரு நேரத்தில் ஒரு நிறத்தைத்தான் காட்டும். எனவே இரண்டும் சாம்பல் நிறமாகின்றன. பளிச்சென்ற ஒரு வெள்ளைக் கோடு, இரண்டு சாம்பல் கோடுகளாகிவிட்டது!

இதே திரையில் 1280×720 சரியாகப் பாதி. ஒரு புள்ளிக்கு நான்கு பிக்சல்கள், கலப்படம் தேவையில்லை. இருந்தும் பல திரைகள் பழக்கதோஷத்தில் கலந்தே காட்டும். கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பில் ‘இன்டீஜர் ஸ்கேலிங்’ இருந்தால் அதை இயக்குங்கள். ஓரங்கள் கூர்மையாகும், படம் கட்டம் கட்டமாகத் தெரியும். பழைய பாணி விளையாட்டுகளுக்கு அது அழகுதான்.

மற்றவற்றுக்கு நான் பரிந்துரைப்பது ‘ரெண்டர் ஸ்கேல்’. தெளிவுத்திறனை 2560×1440 என்றே விட்டுவிட்டு, இதை மட்டும் 75 விழுக்காடாகக் குறையுங்கள். 2,560இல் 75 விழுக்காடு எவ்வளவு? அதே 1,920! பெரும்பாலான விளையாட்டுகளில் காடும் கட்டடமும் குறைந்த புள்ளிகளில் வரையப்படும். எழுத்தும் வரைபடமும் முழுத் தெளிவோடு இருக்கும்.

தாத்தா காலத்துக் குழாய்த் திரைகளுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அவற்றில் எலெக்ட்ரான் கற்றை கோடு கோடாகப் படத்தை வரைந்தது. கோடுகளின் எண்ணிக்கையைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள முடிந்தது.