விளைபொருள் விற்பனைக்கு விசாரணைப் படிவம்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கரும்பு பயிரிடும் விவசாயிகளுக்குப் படிவம் என்பது புதிய செய்தியல்ல. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் கரும்பைப் பதிவு செய்யும்போது நிலத்தின் சர்வே எண், பரப்பு, இரகம், நடவு தேதி, நடவுக் கரும்பா அல்லது கட்டைக் கரும்பா என்ற விவரங்கள் கேட்கப்படுகின்றன. இவற்றில் வீணான கேள்வி ஒன்றுமில்லை. நடவு தேதியையும் இரகத்தையும் கொண்டு கரும்பு எப்போது முதிரும் என்று கணக்கிட்டு வெட்டு உத்தரவு தருகிறார்கள். பரப்பைக் கொண்டு அந்தப் பருவத்தில் எத்தனை டன் வரும் என்று மதிப்பிடுகிறார்கள். கேட்கப்படும் ஒவ்வொரு விவரத்துக்கும் ஆலையில் ஒருவருக்கு ஒரு வேலை இருக்கிறது.

இணையதளத்தில் வைக்கப்படும் விசாரணைப் படிவமும் இதே கணக்கில் அமைய வேண்டியதுதான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் இன்று தங்களுக்கென இணையதளம் வைத்துக்கொள்கின்றன. 2002-ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு வழிவகுத்தது. 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்திய அரசின் திட்டம் 2020-இல் தொடங்கியது. இணையதளம் அமைப்பதோடு வேலை முடிந்துவிட்டதாகக் கருதி, 'தொடர்புக்கு' என்ற பக்கத்தை எங்கோ ஒரு நகரத்து நிறுவனத்தின் படிவத்தைப் பார்த்து அப்படியே வைத்துவிடுவதுதான் பொதுவாக நடக்கிறது. பொருளை வாங்க விரும்புகிறவர் முதன்முதலில் வந்து நிற்கும் வாசல் அதுவே என்பது மறந்துபோகிறது.

கல்வராயன் மலையில் சாமை பயிரிடும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். மலைச் சாமையைக் கீழேயிருந்து வரும் வியாபாரிக்குக் களத்திலேயே அளந்து போட்டால் அவர் சொன்னதுதான் விலை. அதையே உமி நீக்கி அரிசியாக்கி, சென்னையிலோ கோவையிலோ உள்ள கடைக்காரருக்கு நேரடியாக அனுப்பினால் அரிசியாக்கிய மதிப்பில் ஒரு பகுதி குழுவுக்கே தங்கும். 2023-ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பின்னர் சாமையைத் தேடிக் கேட்பவர்களுக்குக் குறைவில்லை. ஒரு கடைக்காரர் இரவு பத்து மணிக்குக் கணக்கை முடித்துவிட்டுக் கைபேசியில் தேடுகிறார். குழுவின் இணையதளம் கண்ணில் படுகிறது. படிவத்தை நிரப்பத் தொடங்குகிறார். அங்கேதான் தொல்லையும் தொடங்குகிறது.

இரண்டு பெயர் எதற்கு?

முதல் கட்டத்தில் 'முதற்பெயர்', அடுத்த கட்டத்தில் 'குடும்பப் பெயர்' என்று இருக்கும். நம்மவருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்றில்லை. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. அந்த ஓர் எழுத்தை இட்டால் 'பெயர் மிகச் சிறியது' என்று படிவம் ஏற்க மறுக்கும். அயல்நாட்டு வழக்கத்துக்காகத் தைத்த சட்டை நம் உடம்புக்குப் பொருந்தாததில் வியப்பில்லை. 'பெயர்' என்று ஒரே கட்டம் போதும்.

மின்னஞ்சல் முகவரியைக் கட்டாயமாக்குவதும் இதுபோன்ற குறைபாடே. மளிகைக் கடைக்காரர் பலர் வாட்ஸ்அப் வழியாகத்தான் வியாபாரம் பேசுகிறார்கள். மின்னஞ்சல் இருந்தால் எழுதட்டும். இல்லாவிட்டால் வெறுமனே விடட்டும். முழு முகவரியும் முதல் விசாரணையில் தேவையில்லை. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்டாலே பார்சல் செலவைக் கணக்கிட்டுவிடலாம். 1972-இல் அந்த முறை வந்தது கடிதங்களைப் பிரிப்பதற்காக. இன்று சரக்குக் கட்டணம் கணிக்கவும் அது பயன்படுகிறது.

தொலைபேசி எண் கட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. பத்து இலக்கம் இருந்தால்தான் ஏற்போம் என்று கட்டுப்பாடு வைத்தால் தவறாக ஓர் இலக்கம் விட்டவரைத் தடுத்து நிறுத்தலாம், அது நல்லதுதான். ஆனால் சிங்கப்பூரில் எண்ணுக்கு எட்டே இலக்கம். அங்கிருந்து சாமை கேட்கும் தமிழர் படிவத்தின் வாசலிலேயே திரும்பிப் போவார். வெளிநாட்டு விசாரணை வர வாய்ப்புள்ள குழுக்கள் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தி வைப்பது நலம். கட்டத்தைத் தொட்டவுடன் கைபேசியில் எண் பலகை திறக்கும்படி அமைக்க வேண்டும் என்று இணையதளம் அமைத்துத் தருபவரிடம் சொல்லிவிட்டால் போதும்; அது அவருக்குச் சில நிமிட வேலை.

எதைக் கேட்க வேண்டுமோ அதைப் பெரும்பாலான படிவங்கள் கேட்பதில்லை. 'தங்கள் செய்தி' என்று ஒரு பெரிய கட்டத்தைத் திறந்து வைத்துவிட்டு நின்றுவிடுகின்றன. கடைக்காரர் 'சாமை 500 கிலோ வேண்டும், விலை என்ன' என்று எழுதுகிறார். அவர் கேட்பது உமியுள்ள சாமையா, சாமை அரிசியா? உமி நீக்கினால் எடையில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும் என்பதால் இரண்டுக்கும் விலை வேறு. நாட்டுச் சாமையா, 2019-இல் வெளியிடப்பட்ட ஏ.டி.எல். 1 இரகமா? இந்த வாரமே வேண்டுமா, மாதந்தோறும் வேண்டுமா? இவற்றைக் கேட்டு ஒருவர், பதில் சொல்லி ஒருவர் என்று நான்கு நாள் கழிந்தால் அந்த 500 கிலோ வேறு எங்கிருந்தாவது கடைக்கு வந்து இறங்கியிருக்கும்.

ஆகவே பொருளின் பெயரைத் தெரிவுப் பட்டியலாகவே கொடுத்துவிட வேண்டும்: சாமை, சாமை அரிசி, தேன், கடுக்காய், புளி என்று குழுவிடம் உள்ளவை மட்டும். அளவைக் கிலோவில் கேட்க வேண்டும். 'மூட்டை' என்று கேட்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும். ஒருவர் மூட்டை 100 கிலோ, இன்னொருவர் மூட்டை 75 கிலோ. அளவுக்கும் '5 கிலோவுக்குள்', '50 கிலோ வரை', '500 கிலோ வரை', 'அதற்கு மேல்' என்று தெரிவு கொடுத்தால் சில்லறைக்கு வந்தவர் யார், மொத்தத்துக்கு வந்தவர் யார் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். எப்போது தேவை என்பதையும் சேர்த்தால் பெயர், தொலைபேசி, அஞ்சல் குறியீடு, பொருள், அளவு, காலம் என்று ஆறு கட்டங்கள். ஏழாவதாக ஒன்று வேண்டும் என்று தோன்றினால், அந்த விவரத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப் போகிறார் என்று குழுவினர் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

மரவள்ளிக்கு இந்த வழி ஒத்துவராது. சின்னசேலம், கள்ளக்குறிச்சி பகுதிகளில் கிழங்கு பயிரிடுவோர் மாவுச்சத்தின் 'பாயிண்ட்' பார்த்துச் சேகோ ஆலைக்குப் போடுகிறார்கள். பிடுங்கிய கிழங்கு இரண்டொரு நாளில் கெடத் தொடங்கிவிடும். படிவத்தை நிரப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க அந்தச் சரக்குக்குப் பொறுமை கிடையாது. அதற்குத் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவதே சரி. படிவம் சாமை, தேன், கடுக்காய் போன்ற இருந்து விற்கும் சரக்குக்கே ஏற்றது.

பணம் செலவழிக்காமல்

படிவம் அமைக்கப் பெரும் செலவு பிடிக்காது. கூகுள் படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. கேள்விகளைத் தமிழிலேயே எழுதலாம். வருகின்ற பதில்கள் தாமாகவே ஒரு விரிதாளில் வரிசையாகப் பதிவாகும். படிவத்தை இணையதளப் பக்கத்துக்குள்ளேயே பதித்துக்கொள்ளவும் வசதி உண்டு. மூன்று எச்சரிக்கைகள் மட்டும். புதிய பதில் வந்ததும் மின்னஞ்சலில் அறிவிக்கும் வசதியை நாமேதான் இயக்கி வைக்க வேண்டும். மறந்தால் விசாரணைகள் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். கோப்பு இணைக்கும் கேள்வியைச் சேர்த்தால் நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். பாதிப் பேர் அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். இணையதளம் அமைத்துக் கொடுத்தவரின் சொந்தக் கணக்கில் படிவத்தைத் தொடங்கக் கூடாது. அவர் போனால் படிவமும் அவரோடு போகும்.

சொந்தமாக எழுதிய இணையதளப் படிவத்தில் வேறொரு தொல்லை வரும். ஆள் இல்லாமல் இயந்திரங்களே நாளெல்லாம் குப்பைச் செய்திகளை நிரப்பி அனுப்பும். இதற்குக் கையாளும் ஒரு முறை விவசாயிகளுக்கு நன்றாகவே புரியும். நிலக்கடலை வயலின் ஓரத்தில் ஆமணக்கு போட்டுப் புரொடீனியா புழுவின் அந்துப்பூச்சியை அதன் பக்கம் இழுக்கிறோம் அல்லவா? அதுபோலப் படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை ஒளித்து வைக்கிறார்கள். இயந்திரம் எல்லாக் கட்டத்தையும் நிரப்பும் பழக்கமுடையது. அந்தக் கட்டம் நிரம்பியிருந்தால் அந்தச் செய்தி தானாகவே தள்ளப்படும். படம் பார்த்து அடையாளம் சொல்லச் சொல்லும் சோதனையைவிட இது மேலானது. அந்தச் சோதனையில் நல்ல வாடிக்கையாளரும் தோற்றுப்போகிறார்.

மனிதராகவே வரும் கள்ளரை இந்தக் கட்டம் பிடிக்காது. தரமும் கேட்காமல், விலையும் பேசாமல், பெரிய அளவில் உடனே வேண்டும் என்று வரும் விசாரணையைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 'முன்பணம் அனுப்புகிறேன், இந்தச் சதுரக் குறியீட்டை வருடுங்கள்' என்பார்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண்ணை இட வேண்டிய தேவையே இல்லை. இடச் சொன்னால் அது நம் பணத்தை எடுப்பதற்குத்தான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

யார் பதில் சொல்வது?

முன்பு அஞ்சலகத்தில் பதில் அட்டை என்று ஒன்று கிடைத்தது. இரண்டு அட்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றில் கேள்வி எழுதி அனுப்பினால், பெற்றவர் மற்றொன்றைக் கிழித்து அதில் பதில் எழுதிப் போடுவார். பதில் அனுப்பாவிட்டால் வெற்று அட்டை கையிலேயே நின்று உறுத்திக்கொண்டிருக்கும். இணையதளப் படிவத்தில் அந்த உறுத்தல் இல்லை. எனவே இன்னார்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒருவர் பெயரையும், அவர் ஊரில் இல்லாதபோது மற்றொருவர் பெயரையும் குழுவின் கூட்டத்திலேயே எழுதி வைப்பது அவசியம். மலைமேல் சில இடங்களில் கைபேசி சமிக்ஞை ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் இருப்பவரைவிட வெள்ளிமலைக்கோ கச்சிராயபாளையத்துக்கோ நாள்தோறும் வந்து போகிறவரை இப்பொறுப்பில் வைப்பது பொருத்தம்.

படிவத்தை அனுப்பியவுடன் திரையில் 'நன்றி' என்று மட்டும் காட்டினால் பயனில்லை. 'நாளை மாலைக்குள் தொலைபேசியில் அழைப்போம். அவசரமானால் இந்த எண்' என்று காட்ட வேண்டும். நாளை மாலை என்று சொன்னால் நாளை மாலைதான். முடியாதென்றால் மூன்று நாள் என்றே எழுதிவிடலாம். கடைக்காரர் அதற்கேற்பத் திட்டமிடுவார்.

பதில் சொல்ல ஆள் இருந்தும் பதில் இல்லாமல் போவது மற்றொரு நிலை. 500 கிலோ கேட்கிறார். குழுவின் உறுப்பினர்களிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது? இந்தக் கணக்கு இல்லாத குழுவுக்கு விசாரணைப் படிவம் ஒற்றை மாடு பூட்டிய ஏர்தான். அறுவடை முடிந்ததும் உறுப்பினர்வாரியாக இருப்பைக் குறித்துக்கொள்ளும் பதிவேடு ஒன்று கட்டாயம் வேண்டும். இதைக் கைபேசியில் நிரப்பச் சொல்லி உறுப்பினர்களை வற்புறுத்த வேண்டியதில்லை. குழுவின் பணியாளர் வீடுவீடாகவோ சந்தை நாளிலோ நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்து, கீழே வந்ததும் கணினியில் ஏற்றினால் போதுமானது. இதே நோட்டில் வாங்க வந்தவர் கேட்டது, சொன்ன விலை, முடிவு ஆகியவற்றையும் எழுதி வந்தால், எத்தனை விசாரணை விற்பனையாக முடிந்தது, முடியாதவை விலையால் போயினவா, வண்டிச் சத்தத்தாலா, தாமதத்தாலா என்பது பருவ முடிவில் தெரிந்துவிடும்.

வந்த எண்களைக் காப்பது

படிவத்தில் சேரும் தொலைபேசி எண்கள் குழுவின் சொத்தல்ல. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை இதுதான்: எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தேவை முடிந்தால் அழிக்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட அட்டவணை மொழிகளிலும் படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 'உங்கள் விசாரணைக்குப் பதில் சொல்ல மட்டுமே இந்த எண்' என்று படிவத்தின் அடியில் ஒரு வரி எழுதலாம். இனிவரும் அறுவடைச் செய்திகளையும் அனுப்பலாமா என்பதைத் தனிக் கட்டமாக, முன்கூட்டியே குறியிடாமல் வைக்க வேண்டும். விரிதாளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைப்பது, வாட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் போடுவது ஆகிய இரண்டும் அறவே கூடாது. உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை இணையதளப் படிவத்தில் கேட்பதும் அப்படியே.

படிவம் இணையதளத்தில் மட்டும் கிடக்க வேண்டியதில்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி சாமை அரிசிப் பொட்டலத்தின் மேல் நுகர்வோர் தொடர்பு கொள்ள வேண்டிய பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஏற்கெனவே அச்சாகின்றன. அதனருகே படிவத்துக்குச் செல்லும் சதுரக் குறியீட்டையும் அச்சிட்டால், ஒரு கிலோ வாங்கிச் சமைத்துப் பார்த்தவரே அடுத்த விசாரணையை அனுப்புவார்.

மாதம் ஒரு முறை குழுவினரில் ஒருவர் தாமே வாங்குபவர்போலப் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்க்க வேண்டும். கணக்கின் கடவுச்சொல் மாறியோ மின்னஞ்சல் பெட்டி நிரம்பியோ படிவம் செத்துக் கிடப்பது வெளியே தெரியாது. ஆடியில் விதைத்த சாமை ஐப்பசியில் களத்துக்கு வந்து, சில மாதங்களில் விற்றுத் தீர்ந்துவிடலாம். அப்போது படிவத்தை எடுத்துவிடாமல், 'இருப்பு தீர்ந்தது. அடுத்த அறுவடை ஐப்பசியில். தேவைப்படும் அளவைப் பதிந்து வைக்கலாம்' என்று மாற்றி எழுதினால், வைகாசியில் விதை வாங்கும்போதே எவ்வளவு நிலத்தில் சாமை போடலாம் என்று பேச ஓர் எண்ணிக்கை கையில் இருக்கும்.