மாரடைப்புக்குப் பின் நடக்கும் மராமத்து

காலில் முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடும். மருத்துவர்கள் இதை அழற்சி என்பார்கள். மாரடைப்பு வந்தவரின் இதயத்துக்குள்ளும் இதேதான் நடக்கிறது. அளவோடு நடந்தால் காயம் ஆறும். நீண்டுகொண்டே போனால் இதயம் தளரும்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை ரத்தக்கட்டி அடைத்துவிடுவதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம். ஸ்டென்ட் வைத்து அடைப்பை நீக்கிவிடலாம். அதற்குள் மடிந்த செல்களை மீட்க முடியாது. பெரிய மாரடைப்பில் நூறு கோடி செல்கள் வரை போய்விடலாம். புதிதாகப் பிறக்கும் இதயத் தசைச் செல்களோ ஆண்டுக்கு ஒரு சதவீதம்கூடத் தேறாது. எனவே செத்ததை அகற்றிவிட்டு அந்த இடத்தைத் தழும்பால் அடைக்கிறது உடல்.

வீட்டு மராமத்தைப் போல இதிலும் முதலில் இடிப்பு, பிறகு பூச்சு. செத்த செல்களிலிருந்து கசியும் பொருள்களே அபாய அறிவிப்பு. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. அடுத்து மோனோசைட்டுகள். எலிகளில் இவற்றில் ஒரு பெரும் பங்கு மண்ணீரலில் தயாராகக் காத்திருந்து கிளம்புவதை 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முதல் சில நாள்களில் வருபவை சிதைவை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. பின்னால் வருபவை கொலாஜன் இழைகள் சேர்ந்து தழும்பு உருவாக உதவுகின்றன.

இடிப்பு ஆட்கள் வேலை முடிந்தும் போகாவிட்டால்தான் வினை. அவர்கள் கொட்டும் நொதிகள் நல்ல பகுதியையும் அரிக்கும். சுவர் மெலியும், இதய அறை உப்பும், அழுத்தித் தள்ளும் வலு குறையும். இதுவே இதயச் செயலிழப்பு. இதயம் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை அனுப்பத் திணறுகிறது என்றே பொருள்.

அப்படியானால் அழற்சியை மொத்தமாக அடக்கிவிடலாமே? ஸ்டீராய்டு தந்து பார்த்தார்கள். தசைச் சேதம் கூடியதாக 1976இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், மாரடைப்பு கண்ட பத்தாயிரம் பேரிடம் ஒரே ஓர் அழற்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் கனகினுமாப் ஊசி சோதிக்கப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின.

நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்தும் எடுக்கப்படும் கொல்கிசின் என்னும் அழற்சி மருந்து இன்னொரு முயற்சி. 2019 ஆய்வில் பலன் தெரிந்தது. ஏழாயிரம் பேரிடம் நடந்த 2024 ஆய்வில் தெரியவில்லை. விவாதம் இன்னும் ஓயவில்லை. செங்காந்தள் கிழங்கு கொடிய விஷம் என்பதில் மட்டும் விவாதமே இல்லை. அதைக் கைவைத்தியமாக முயலவே கூடாது.

மாரடைப்பு வந்து தேறியவர்கள் மூட்டுவலிக்கென்று, அழற்சியை அடக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கிப் போடாதீர்கள். மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். மாடி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, அடுத்த தேதிக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.