சிங்காராக் ஏரியில் இரண்டு மணி நேரம் நின்ற நிலநடுக்கம்

2007 மார்ச் 6ஆம் தேதி, மலேசிய நேரப்படி நண்பகலுக்குச் சற்று முன் மேற்கு சுமத்ராவை 6.4 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் உயரமான கட்டடங்களில் இருந்தவர்கள் ஆட்டத்தை உணர்ந்து கீழே இறங்கினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ஆடியது. இம்முறை 6.3. சோலோக், புக்கிட்திங்கி வட்டாரங்களில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இரண்டாவதை வழக்கமான பின்னதிர்வு என்று சொல்லிவிட முடியாது. பின்னதிர்வு பெரும்பாலும் முதலாவதைவிட நன்றாகவே சிறியதாக இருக்கும். இதுவோ ஏறக்குறைய சமம். முதலில் அசைந்தது சிங்காராக் ஏரிக்குத் தெற்கே உள்ள பிளவுத் துண்டு. பிறகு அசைந்தது வடக்கே உள்ள துண்டு. இரண்டுக்கும் நடுவே ஏரி. 1926 ஜூனிலும் இதே ஏரிப் பக்கம், சில மணி நேர இடைவெளியில், இப்படி இரட்டையாகவே வந்தது.

பாறை உடைந்து, இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகரும் இடத்தைப் பிளவு என்கிறார்கள். சுமத்ராவின் முதுகெலும்புபோல ஆச்சே முதல் சுந்தா நீரிணை வரை சுமார் 1,900 கிலோமீட்டருக்கு ஒரு பிளவு ஓடுகிறது. வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஏறத்தாழ 20 துண்டு. ஒரு துண்டு முடியும் இடத்தில் அடுத்தது நேராகத் தொடங்காமல் சில கிலோமீட்டர் பக்கவாட்டில் தள்ளித் தொடங்கும். அந்த இடைவெளியில் நிலம் இழுபட்டுத் தாழ்ந்தால் பள்ளம் உண்டாகும். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் ஏரி. சிங்காராக் அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது.

பழைய வேட்டியைக் கிழித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நூல் ஓடும் வழியில் கிழிசல் தடையில்லாமல் ஓடும். நடுவே தடித்த தையல் வந்தால் அங்கே நின்றுவிடும். நிலத்திலும் இப்படித்தான். பக்கவாட்டில் நகரும் பிளவுகளில் இடைவெளி சுமார் 5 கிலோமீட்டரைத் தாண்டினால், கிழிசல் அதைத் தாவுவது அரிது என்று உலகெங்கும் பார்த்த அனுபவம் சொல்கிறது. ஆனால் நின்ற கிழிசல் சும்மா விடுவதில்லை. தன் அழுத்தத்தை அடுத்த துண்டின் மேல் ஏற்றிவிடுகிறது. அந்தத் துண்டு ஏற்கெனவே அறுந்துவிழும் நிலையில் இருந்தால், இரண்டு மணி நேரமே போதும்.

கிழிசல் எவ்வளவு நீளம் ஓடுகிறதோ அந்த அளவுக்கு நிலநடுக்கமும் பெரிதாகும். அதனால்தான் வளைவையும் இடைவெளியையும் ஆய்வாளர்கள் இவ்வளவு கவனமாக அளக்கிறார்கள்.

நீளம் மட்டும் கணக்கில்லை, சாய்வும் உண்டு. வெள்ளரிக்காயைக் குறுக்கே வெட்டினால் சிறு வட்டம் கிடைக்கும். சாய்த்து வெட்டினால் அகலமான துண்டு கிடைக்கும். சுமத்ராவின் நிலப்பிளவு ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், உடையக்கூடிய பாறைப்பரப்பு ஆழத்தில் சில பத்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. தீவுக்கு மேற்கே கடலடியில் இருக்கும் பெரும்பிளவோ மிகக் குறைந்த சாய்வோடு சுமத்ராவுக்கு அடியில் நுழைகிறது. அங்கே உடையக்கூடிய பரப்பின் அகலமே நூறு கிலோமீட்டரைத் தாண்டும். 9 அளவைத் தாண்டும் நிலநடுக்கம் அங்கிருந்துதான் வர முடியும்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்தது அதுதான். சிமெலுவே தீவுக்கு அருகே தொடங்கிய கிழிசல் அந்தமான் பக்கமாக வடக்கே சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. தெற்கே போகவில்லை. மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28இல், அந்தத் தெற்குப் பக்கம் 8.6 அளவில் உடைந்தது. அதுவும் பத்து தீவுகள் அருகே நின்றது. (பத்து என்பது எண்ணிக்கை அல்ல, மலாயில் கல்.) அடியே நுழையும் கடல்தட்டில் ஏற்கெனவே உள்ள மேடும் முறிவும் அங்கே தடையாக நிற்கின்றன என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

கிழிசல் வடக்கே ஓடியதால்தான் அலை சுமத்ராவின் வடமுனையைச் சுற்றிப் பினாங்கு, கெடா கரைகளை எட்டியது. மலேசியாவில் 68 பேர் இறந்தனர். தெற்கே, மெந்தாவாய் பக்கம் உடைந்திருந்தால் மலாக்கா நீரிணைக்குச் சுமத்ராவே சுவராக நின்றிருக்கும். பாடாங் நகரம் அடியை வாங்கியிருக்கும்.

2012 ஏப்ரல் 11ஆம் தேதி ஆச்சேவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது, பினாங்கில் அடுக்குமாடிகளிலிருந்து மக்கள் இறங்கி ஓடினார்கள். சுனாமி எச்சரிக்கையும் வந்தது. ஆனால் பெரிய அலை வரவில்லை. அங்கே ஒன்றுக்கொன்று குறுக்காகக் கிடந்த பல பிளவுகள் பக்கவாட்டில் நகர்ந்தன. கடல்தரை மேலே தூக்கப்படாததால் தண்ணீரும் பெரிதாகத் தள்ளப்படவில்லை. இதை நம்பிக் கரையில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. பிளவு எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது முதல் சில நிமிடங்களில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

தடை எப்போதும் தடையாகவே நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2016 நவம்பரில் நியூசிலாந்தின் கைகோராவில் ஒரே நிலநடுக்கம் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பிளவுகளைத் தாவிச் சென்று 7.8 அளவை எட்டியது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகத்தான் உடையும் என்று போட்ட கணக்கு அதன்பின் எங்கும் மறுபார்வைக்கு வந்துள்ளது.

இப்போது ஆய்வாளர்கள் கவலையோடு பார்ப்பது மெந்தாவாயை. அங்கே 1797லும் 1833லும் பெரும் நிலநடுக்கங்கள் நடந்தன. 2007 செப்டம்பரில் 8.4 அளவில் ஒரு பகுதி உடைந்தது. வடக்கே சிபெருட் தீவுக்கு அடியில் இருப்பது 1797க்குப் பிறகு முழுதாக விடுபடவில்லை.

அது அசையும் நாளில் தீபகற்பத்தின் தென்பாதிக்கும் சிங்கப்பூருக்கும் வருவது அலையாக இருக்காது, ஆட்டமாக இருக்கும். வேகமாகத் துடிக்கும் சிற்றதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும். மெதுவாக அசையும் நீண்ட அலைகள் பல நூறு கிலோமீட்டர் தாண்டி வரும். அந்த மெதுவான அசைவுக்கு ஈடுகொடுத்து ஆடுவது உயரமான கட்டடங்கள்தான். கடலைத் தூர்த்த மண்ணிலும் சேற்று மண்ணிலும் ஆட்டம் கூடும். தரைவீட்டுக்காரர் ஒன்றும் அறியாமல் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, இருபதாவது மாடியில் விளக்கு ஊசலாடுவது இதனால்தான். அப்போது லிஃப்ட் பக்கம் போகக் கூடாது. கண்ணாடிச் சன்னலையும் உயரமான அலமாரியையும் விட்டு விலகி, ஆட்டம் நிற்கும் வரை உறுதியான மேசைக்கடியில் இருந்துவிட்டு, பிறகு படிக்கட்டில் இறங்க வேண்டும். ஒரு முறை நின்றதும் உடனே மேலே ஏறிவிடாமல் இருப்பதும் நல்லது. சிங்காராக்கில் அடுத்தது வர இரண்டு மணி நேரம் பிடித்தது.