தக்காளியின் அடி கறுக்கிறதா? மருந்துக்கு முன் மடையைப் பாருங்கள்

தக்காளிச் செடி செழிப்பாக நிற்கிறது. பூவும் பிஞ்சும் நிறையப் பிடித்திருக்கின்றன. ஆனால் காய் பாதி பருத்த சமயத்தில் அதன் அடிப்பாகம் கறுத்துக் குழி விழுகிறது. விவசாயி பதறிப் போய் உரக்கடைக்கு ஓடுகிறார். பூசண மருந்தைக் கடனுக்கு வாங்கி இரண்டு முறை தெளிக்கிறார். கறுப்பு நிற்பதில்லை, கடன்தான் ஏறுகிறது.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பகுதிகளில் கிணற்றுப் பாசனத்தில் தக்காளி போடும் சிறு விவசாயிகள் இதைத் தெளிவாகத் தெரிந்து கொள்ள வேண்டும். இதற்குப் பூமுனை அழுகல் என்று பெயர். அழுகல் என்று சொன்னாலும் இது பூசணத்தாலோ பூச்சியாலோ வருவதல்ல; செடிக்குச் செடி தொற்றுவதும் அல்ல. காயின் அடிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வரும் குறைபாடு இது. ஆகவே பூசண மருந்தால் பயனில்லை.

அடையாளம் காண்பது எப்படி?

காம்புக்கு எதிர்ப்புறம், பூ ஒட்டியிருந்த நுனியில், முதலில் நீர் கோத்தது போன்ற சிறு புள்ளி தோன்றும். பின் அது பழுப்பாகிப் பரந்து, கறுத்து, தோல் போல் தடித்து உள்வாங்கும். அதன்மேல் கறுப்புப் பூஞ்சாணம் படர்வதும் உண்டு. அது அழுகிய இடத்தில் பிறகு வந்து குடியேறியது. மூல காரணம் அல்ல. பெரும்பாலும் முதல் கொத்துக் காய்களில்தான் இது அதிகம்.

காயில் துளையும் புழுவின் எச்சமும் இருந்தால் அது காய்ப்புழு. வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் அது வெயில் கொப்புளம். மண்ணில் படும் காய்களில் பழுப்பு நிற வளையம் வளையமாகத் தோன்றினால் அது பூசண அழுகல். இவற்றுக்கு வைத்தியம் வேறு.

சுண்ணாம்புக் கரிசலில் சுண்ணாம்புக் குறையா?

இப்படிக் கேட்பது நியாயமே. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிறார்கள். நம் கரிசலை உழுதால் பல இடங்களில் சுக்கான் கல் புரள்கிறது. மண்ணில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. பின் ஏன் காய்க்குப் போகவில்லை?

சுண்ணாம்புச் சத்து தானாக நடக்காது. வேர் உறிஞ்சும் தண்ணீரோடுதான் மேலே ஏறும். இலைகள் வெயிலில் நீரை ஆவியாக்கிக் கொண்டே இருப்பதால், தண்ணீரில் பெரும்பங்கு இலைக்கே போகிறது. காய்க்குப் போவது கொஞ்சம். அதிலும் காயின் நுனி கடைமடை வயல் மாதிரி. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே! இலையில் சேர்ந்துவிட்ட சுண்ணாம்புச் சத்து மறுபடி காய்க்குத் திரும்பி வருவதும் இல்லை.

ஆகவே நிலம் காய்ந்து வெடித்த பின் ஒரேயடியாக வெள்ளமாகப் பாய்ச்சினால் இந்தக் குறை வரும். கரிசல் வெடிக்கும்போது வேரும் அறுபடும். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும், செடிக்கு அருகே ஆழமாகக் கொத்தி வேரை அறுத்தாலும், உப்பு நீரைப் பாய்ச்சினாலும் இதே கதிதான். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை பெருத்து, காயின் பங்கையும் அதுவே இழுத்துக் கொள்ளும்.

பட்டாசு வேலையும் தண்ணீர் முறையும்

ஆனி, ஆடியில் நட்ட தக்காளி ஆவணி, புரட்டாசியில் காய்க்கிறது. அப்போது காற்றும் வெயிலும் கடுமை. தீபாவளி நெருங்குவதால் பட்டாசு ஆலைகளிலும் வேலை மும்முரம். வீட்டில் உள்ளவர்கள் காலையிலேயே ஆலை வண்டி ஏறிவிட்டால், தோட்டத்தில் மடை திருப்ப ஆள் இருப்பதில்லை. வார நாளில் காய விட்டு, விடுமுறை நாளில் வெள்ளமாகப் பாய்ச்சுவது வழக்கமாகி விடுகிறது. கூலியை விட்டு வரச் சொல்ல முடியாது. ஆனால் நடும்போதே யோசிக்கலாம். ஓர் ஏக்கருக்கு முறையாகப் பாய்ச்ச ஆள் இல்லை என்றால், அரை ஏக்கர் மட்டும் நடுவது இலாபம்.

தடுக்கும் முறைகள்

1. வெடிப்பு விடும் வரை காத்திருக்க வேண்டாம். செடிக்கு ஓரமாக நான்கு விரற்கடை ஆழத்தில் மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை சேராமல் உதிர்ந்தால் உடனே பாய்ச்ச வேண்டும். ஒவ்வொரு முறையும் அளவாக, தேங்காமல் பாய்ச்சவும். பாய்ச்சிய நாளைச் சுவரில் தொங்கும் சிவகாசிக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். வீட்டில் யார் இருந்தாலும் அடுத்த முறை தவறாது.

2. கரும்புத் தோகை, வைக்கோல், சோளத்தட்டை, கடலைத் தொலி இவற்றில் கிடைப்பதைச் செடியைச் சுற்றி இரண்டு, மூன்று அங்குலம் பரப்பினால் ஈரம் காக்கும்.

3. ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழுஉரம் இடவும். இரகங்களுக்கு அடியுரமாகத் தழைச்சத்து 30 கிலோ, மணிச்சத்து 40 கிலோ, சாம்பல் சத்து 20 கிலோ. நட்ட 30-ம் நாள் மேலும் 30 கிலோ தழைச்சத்து போதும். மணிச்சத்தைச் சூப்பர் பாஸ்பேட்டாக இட்டால் அதோடு சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

4. மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். களர் என்று தெரிந்தால், அவர்கள் சொல்லும் அளவில் ஜிப்சம் இடவும். கரிசலில் சுட்ட சுண்ணாம்பைத் தூவாதீர்கள். ஏற்கெனவே உள்ள காரத்தன்மை கூடிப் போகும்.

5. வசதி உள்ளவர்கள் சொட்டுநீர் அமைக்கலாம். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு மானியம் உண்டு. தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரிக்கவும்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

கறுத்த காய் மீண்டும் தேறாது. அவற்றைப் பறித்து நீக்கினால் செடியின் சத்து மற்றக் காய்களுக்குப் போகும். தண்ணீர் முறையை உடனே சீர் செய்யுங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் கால்சியம் குளோரைடு கரைத்து, கோலிக்குண்டு அளவுப் பிஞ்சுகள் நன்றாக நனையும்படி தெளிக்கவும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை தெளிக்கலாம். வெயில் தாழ்ந்த பின் தெளிப்பது நல்லது. உச்சி வெயிலில் இலை கருகும். வேறு உரமோ மருந்தோ இதனுடன் கலக்க வேண்டாம். தெளிப்பு ஒரு துணைதான்; காய்ந்த வயலில் தெளித்து மட்டும் பலன் காண முடியாது.

முதல் கொத்து கறுத்தது என்று மனம் வெறுத்துச் செடியைப் பிடுங்கி விடாதீர்கள். தண்ணீர் சீரானால் அடுத்த கொத்துகள் பெரும்பாலும் சுத்தமாகவே வரும். மிளகாய், கத்தரி, தர்ப்பூசணியிலும் இதே குறைபாடு வருவதுண்டு. அங்கும் இதே முறைதான்.

சந்தேகம் இருந்தால் கறுத்த காய் இரண்டை எடுத்துக் கொண்டு அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடமோ காட்டுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும். மருந்துக்குப் போகும் பணம் மிச்சமாகும். அடுத்த கொத்தும் சந்தைக்கு வரும்.